சம்பளத்தில் பிடிப்பது தசமபாகமா? டென்மார்க் சர்ச் வரியும் கேட்க மறந்த கணக்கும்

டென்மார்க்ல இருக்கிற நம்ம ஆளுங்ககிட்ட இருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருது. சம்பளத்துல வரி பிடிக்கும்போது 'கிர்க்கெஸ்காட்'னு ஒண்ணு பிடிக்கிறாங்களே, சர்ச் வரி, அதுதான் தசமபாகமா? அதைக் கட்டின பிறகும் ஞாயித்துக்கிழமை போற தமிழ் சபையில பாஸ்டர் கேட்கிற பத்துல ஒண்ணைத் தனியா எடுத்து வைக்கணுமா? தசமபாகம்னா என்னன்னு நான் அரிச்சுவடியில இருந்து ஆரம்பிக்கப் போறதில்ல. இந்தக் கேள்வியைக் கேட்கிறவங்களுக்கு அது மனப்பாடமாவே இருக்கும். என் பதிலை இப்பவே சொல்லிடறேன். ரெண்டும் வேற வேற. ஆனா நாம எல்லாரும் எத்தனை சதவீதம், எத்தனை சதவீதம்னே சண்டை போட்டுக்கிட்டு இருக்கோம். அதுக்கு முன்னாடி கேட்க வேண்டியது ஒண்ணு இருக்கு: வாங்குறவர் கணக்குக் காட்டுறாரா? இந்தக் காணொளி முழுக்க நான் சுத்திச் சுத்தி அங்கதான் வந்து நிற்கப் போறேன். சலிச்சுக்காதீங்க.

முதல்ல அந்த வரி. டென்மார்க்ல 'ஃபோல்கெகிர்க்கெ'ன்னு லூத்தரன் மக்கள் திருச்சபை இருக்கு. அரசியல் சட்டத்தோட 4-ஆம் பிரிவுலயே அதுக்கு அரசு ஆதரவு உண்டுன்னு எழுதியிருக்கு. அதோட உறுப்பினர்கள் மட்டும்தான் இந்த வரியைக் கட்டணும். வரிக்குரிய வருமானத்துல நாடு முழுக்கச் சராசரியா 0.87 சதவீதம். கொமூனுக்குக் கொமூன், அதாவது உள்ளாட்சிக்கு உள்ளாட்சி மாறும். கோபன்ஹேகன்ல 0.8, பணக்காரங்க வாழ்ற கெண்டாஃப்டேல அதுல பாதி, லேசோ தீவுல 1.3 வரைக்கும். வரிக்குரிய வருமானம் வருஷத்துக்கு 3,00,000 க்ரோனர்னு வெச்சுக்கோங்க. சராசரி விகிதத்துல 2,610 க்ரோனர் வருது. அதே ஆள் பத்துல ஒண்ணு கொடுத்தா 30,000. வரி போறதுக்கு முன்னாடி இருக்கிற சம்பளத்துல பத்துல ஒண்ணா, கைக்கு வந்த சம்பளத்துலயாங்கிற பழைய சண்டைக்குள்ள நான் போகல. அதுல இறங்கினா இன்னைக்கு வீட்டுக்குப் போக முடியாது. இந்த வரியை எவ்வளவு வசூலிக்கணும், எப்படிச் செலவழிக்கணும்னு முடிவு பண்றதுல ஒவ்வொரு பங்கிலும் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற சபைக் குழுவுக்குப் பெரிய கை இருக்கு. அந்தக் குழு வருஷத்துக்கு ஒருமுறை கூட்டம் கூட்டி, வரவு செலவையும் அடுத்த திட்டத்தையும் சபையார் முன்னாடி வைக்கணும். சட்டமே அப்படித்தான் சொல்லுது. பார்த்தீங்களா, வந்துட்டேன் கணக்குக்கு.

இந்த நிலைமைக்கு டென்மார்க் சும்மா வந்துடல. 1086 ஜூலை 10-ஆம் தேதி, ஓடென்சே ஊர்ல புனித அல்பான் ஆலயத்துக்குள்ளேயே ராஜா நான்காம் க்னூட்டைக் கலகக்காரங்க கொன்னுட்டாங்க. தசமபாகத்தைப் புகுத்தப் பார்த்ததும் ஒரு காரணம்னு பழைய வரலாற்றுக்காரங்க எழுதி வெச்சாங்க. இங்கிலாந்து மேல படையெடுக்கத் திட்டம் போட்டு, அதுக்காக ஜனங்க மேல போட்ட அபராதமும் கெடுபிடியும்தான் பெரிய காரணமா இருக்கும்னு எனக்குப் படுது. எப்படியோ, 1101-ல அவரைப் புனிதராவும் ஆக்கிட்டாங்க. எலும்புக்கூடு இன்னைக்கும் ஓடென்சே பேராலயத்தோட நிலவறையில இருக்கு. அடுத்த நூற்றாண்டுல தசமபாகம் ஊன்றிடுச்சு. வயல்ல பத்தாவது கதிர்க்கட்டு சர்ச்சுக்கு. 1536-ல லூத்தரன் சீர்திருத்தம் வந்ததே, அப்பவாவது போச்சான்னா, இல்ல. பிஷப்புக்குப் போன பங்கு ராஜாவுக்குப் போச்சு. ராஜாவுக்கு ஒண்ணு, ஆலயத்துக்கு ஒண்ணு, குருவானவருக்கு ஒண்ணுன்னு மூணு பங்கு. அதுக்கப்புறம் நடந்ததுதான் என் வாதத்துக்கு முக்கியமான சாட்சி. 17, 18-ஆம் நூற்றாண்டுகள்ல கஜானா வறண்டப்போ ராஜாக்கள் எத்தனையோ ஆலயங்களை, அதுக்கு வர்ற தசமபாகத்தோட சேர்த்துப் பண்ணையார்களுக்கு வித்துட்டாங்க. ஆலயத்தைப் பராமரிக்கிற கடமையும் வாங்கினவருக்கு உண்டு, ஆனா கடவுளுக்குன்னு விவசாயி வெட்டி வெச்ச கதிர்க்கட்டு, கைமாறுற ஒரு சொத்தாகிடுச்சு. கொடுத்தவன் விகிதத்துல ஒரு குறையும் வைக்கல. கேள்வி கேட்கிற உரிமைதான் அவனுக்கு இல்ல. கடைசியில 1903-ல வந்த சட்டம் தசமபாகத்துக்கு முடிவு கட்டுச்சு. அதே 1903-லதான் தேர்ந்தெடுக்கப்பட்ட சபைக் குழுக்களுக்கான சட்டமும் வந்தது. பெண்களுக்கும் அதுல ஓட்டு. நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போட அவங்க 1915 வரைக்கும் காத்திருந்தாங்கங்கிறதையும் சேர்த்து யோசிங்க.

"அதெல்லாம் ராஜாக்கள் கதை, வேதம் என்ன சொல்லுது?"ன்னு கேட்பீங்க. நியாயம். நியாயப்பிரமாணத்துக்கு முன்னாடியே ஆபிரகாம் மெல்கிசேதேக்குக்குப் பத்துல ஒண்ணு கொடுத்தார், அதனால இது எல்லாக் காலத்துக்கும் பொருந்தும்கிறது முதல் வாதம். ஆதியாகமம் 14-ஐத் திறந்து பாருங்க. அது போர்ல மீட்ட பொருள்ல ஒரு தடவை கொடுத்தது. மாசாமாசம் கொடுத்ததா அங்க ஒண்ணும் இல்ல. மோசே சட்டத்துல வர்றது விளைச்சலும் கால்நடையும். உபாகமம் 14-ல இன்னும் ஒரு படி மேல. தூரத்துல இருக்கிறவன் தசமபாகத்தை வித்துக் காசாக்கி, ஆண்டவர் சொன்ன இடத்துக்குப் போய், திராட்சரசம் உட்பட மனசுக்குப் பிடிச்சதை வாங்கிக் குடும்பத்தோட சந்தோஷமா சாப்பிடலாம். இதை வெச்சு ஒரு கன்வென்ஷன்ல பிரசங்கம் பண்ணினா கூட்டம் அலைமோதும், ஆனா யாரும் பண்ண மாட்டாங்க. மூணாம் வருஷத்துப் பங்கு லேவியனுக்கும் பரதேசிக்கும் அநாதைக்கும் விதவைக்கும். சரி, மத்தேயு 23-ல இயேசு தசமபாகத்தைத் தள்ளலையேன்னா, தள்ளல, உண்மைதான். ஆனா அங்க அவர் பேசுறது பரிசேயர்கிட்ட. கறிவேப்பிலைக் கணக்கா கீரைக்கெல்லாம் பங்கு பிரிச்சிட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டுட்டீங்களேன்னுதான் திட்டுறார். மார்ட்டின் லூத்தர் 1525-ல மோசே சட்டத்தைப் பற்றிப் பிரசங்கிச்சப்போ, இது யூதர்களுக்குக் கொடுத்த சட்டம், நம்மைக் கட்டாதுன்னு சொல்லிட்டு, விளைச்சலுக்குத் தக்க ஏறி இறங்குறதால அரசாங்கம் வரி போட இது நல்ல முன்மாதிரின்னு பாராட்டவும் செஞ்சார்.

இப்போ எல்லாரும் நீட்டுற சீட்டு, மல்கியா 3. பத்துல ஒண்ணை வஞ்சிக்கிறவனுக்குச் சாபம், பண்டசாலைக்குக் கொண்டுவந்தா வானத்துப் பலகணி திறக்கும். பண்டசாலைன்னா எது? ஆலயத்துல தானியம் சேர்த்து வைக்கிற அறை. அதே காலகட்டத்தை ஒட்டி நெகேமியா 13 அந்த அறைக்குள்ள நடந்ததைச் சொல்லுது. எலியாசிப்ங்கிற ஆசாரியன், தசமபாகம் வைக்க வேண்டிய அறையைத் தனக்கு வேண்டப்பட்ட தொபியாவுக்கு ஒழிச்சுக் கொடுத்துட்டான். லேவியருக்குச் சேர வேண்டியது சேரல, அவங்க பிழைப்புக்கு வயலுக்குப் போயிட்டாங்க. நெகேமியா வந்து தொபியாவோட தட்டுமுட்டுச் சாமானை வெளிய எறிஞ்சார். ஜனங்களைத் தசமபாகம் கொண்டுவர வெச்சார், சரி. அதோட நிறுத்தாம, உண்மையுள்ளவங்கன்னு பேர் எடுத்த ஆட்களைப் பண்டசாலைக்குப் பொறுப்பா வெச்சுப் பங்கிடச் சொன்னார். மல்கியாவைப் பிரசங்கிக்கிற எத்தனை பேர் நெகேமியாவையும் சேர்த்துப் பிரசங்கிக்கிறாங்க? புதிய ஏற்பாட்டுல பவுல் எருசலேம் ஏழைகளுக்குக் காணிக்கை திரட்டினப்போ, தன்மேல யாரும் குற்றம் சொல்லிடக் கூடாதுன்னு சபைகள் தேர்ந்தெடுத்த ஆட்களைக் கூடவே அனுப்பி வெச்சார். 2 கொரிந்தியர் 8. அப்போஸ்தலனே தனியா பணத்தைத் தொடப் பயந்தார்! ஊர்ல சீட்டுப் பிடிக்கிறவர்கிட்ட நோட்டைக் காட்டுன்னு கேட்கிறோம், பாஸ்டர்கிட்ட கேட்டா மட்டும் அது முறுமுறுப்பாம்.

இந்த இடத்துல தரங்கம்பாடியைச் சொல்லாம போக எனக்கு மனசு வரல. 1706-ல டென்மார்க் ராஜா நான்காம் ஃபிரெடெரிக் அனுப்பிச்ச சீகன்பால்கும் புளுட்சோவும் வந்து இறங்கின ஊர். அந்த மிஷனுக்கு ராஜா ஒதுக்கினது தபால் வருமானத்துல இருந்து வருஷம் 2,000 ரிக்ஸ்தாலர். டேனிஷ்காரங்க கடுதாசி போட்ட காசு நம்ம சோழமண்டலக் கரைக்கு வந்திருக்கு! மீதிக்கு ஜெர்மனியில ஹாலே நகரத்து நண்பர்களும் லண்டன்ல இருந்த கிறிஸ்தவ அறிவு பரப்பும் சங்கமும் காணிக்கை திரட்டினாங்க. சீகன்பால்க் பழைய ஏற்பாட்டை ரூத் வரைக்கும்தான் தமிழாக்கினார், 1719-ல இறந்துட்டார். இன்னைக்குக் காணிக்கை நேரத்துல தவறாம வர்ற மல்கியா வரைக்கும் அவர் போகவே இல்ல. அவருக்குப் பின்னால வந்த மிஷனரி சுல்ட்சேதான் முடிச்சார். சரி, நான் சொல்ல வந்தது இதுதான்: ஹாலேல 1710-ல இருந்து தரங்கம்பாடி அறிக்கைகளைத் தொடர்ந்து அச்சடிச்சு வெளியிட்டாங்க. பணம் கொடுத்தவங்க அங்க என்ன நடக்குதுன்னு படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டாங்க. கப்பல் வர மாசக்கணக்கான காலத்துல அது முடிஞ்சிருக்கு. வாட்ஸ்அப் காலத்துல நம்ம சபைகளால முடியாதா?

வரியாப் பிடிச்சுக் கணக்குக் காட்டுற டென்மார்க் முறைக்குப் பலமான மறுப்பு ஒண்ணு உண்டு, அதைத் தாண்டிப் போக முடியாது. வரியாப் பிடிச்சா மனசு செத்துடும், உற்சாகமா கொடுக்கிறவன்கிட்டதான் தேவன் பிரியமா இருக்கார், டென்மார்க்ல ஆலயம் அழகா இருக்கு, ஞாயித்துக்கிழமை பெஞ்சு காலியா இருக்கு, பத்துல ஒண்ணு கொடுக்கிற சின்னச் சின்ன சபைகள்தான் நிரம்பி வழியுது. இதுல பாதி உண்மை. 1990-ல ஜனத்தொகையில 89 சதவீதம் ஃபோல்கெகிர்க்கெ உறுப்பினர்கள், இப்போ 70 சதவீதத்தை ஒட்டி நிற்குது, வாராவாரம் வர்றவங்க ரொம்பச் சொற்பம். வரியும் முழுக்க உறுப்பினர்களோட நிற்கல. குருவானவர் சம்பளத்துல 40 சதவீதத்தையும் பிஷப்புகளோட சம்பளத்தையும் அரசு பொது வரியில இருந்து கொடுக்குது. இந்துவும் முஸ்லிமும் கத்தோலிக்கரும் கட்டுற வரி அது. பிறர் வழிபாட்டுக்கு யாரும் சொந்தப் பணம் கொடுக்கத் தேவையில்லன்னு அரசியல் சட்டத்தோட 68-ஆம் பிரிவு சொல்லுதேன்னு வழக்குப் போட்டாங்க. 2007-ல உச்ச நீதிமன்றம் அதை ஏத்துக்கல. பிறப்புப் பதிவு, கல்லறைத் தோட்டம்னு எல்லாருக்குமான வேலையையும் அந்தத் திருச்சபை பார்க்குதுங்கிறது அரசு தரப்பு நியாயம். எனக்கு அது முழுத் திருப்தி தரல. ஆனா பெஞ்சு காலியானதுக்குக் கணக்குக் காட்டினதா காரணம்? உற்சாகமும் கணக்கும் எதிரிகள் இல்ல. நம்ம ஊர் சபைகள்ல சமைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை எடுத்து வெச்சுக் கொடுக்கிற பிடியரிசிக் காணிக்கையும், அறுப்பின் பண்டிகை ஏலமும் எந்தச் சதவீதத்துக்குள்ளயும் அடங்காது. அதுல உற்சாகம் குறைஞ்சதா? ஏலத்துல எவ்வளவு வந்ததுன்னு ஆராதனை முடியுறதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிடும்ங்கிறதும் உண்மை. அப்புறம், பத்து சதவீதம்னு ஒரே அளவுகோல் வெச்சா, வீட்டு வாடகைக்கே திணறுற புதுசா வந்த அகதிக் குடும்பத்துக்கும் டாக்டர் குடும்பத்துக்கும் அது ஒரே பாரமா? பரதேசிக்கும் விதவைக்கும் போய்ச் சேர வேண்டிய பங்கை அவங்ககிட்டயே வசூலிக்கிறதைத்தான் என்னால ஜீரணிக்க முடியல.

நேரம் ஓடிடுச்சு, நீங்க உண்மையில தேடி வந்ததை இப்பதான் சொல்றேன், வேகமா கேட்டுக்கோங்க. உங்க வரிக் கணக்கைத் திறந்து கிர்க்கெஸ்காட் வரி இருக்கான்னு பாருங்க. ஃபோல்கெகிர்க்கெல ஞானஸ்நானம் எடுத்தா உறுப்பினர், குழந்தையா இருந்தாலும் சரி. பிள்ளை சம்பாதிக்க ஆரம்பிச்சதும் வரியும் ஆரம்பிக்கும். கத்தோலிக்கரோ பெந்தெகொஸ்தே சபையாரோ பேர் தப்பா ஏறியிருந்தா, பங்கு அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்க, விலகணும்னா இணையத்துலயே மனு போடலாம். விலகினாலும் கல்லறைத் தோட்டத்துல இடம் உண்டு, கட்டணம் வேற. கிர்க்கெஸ்காட்டுக்கு வரிச் சலுகை கிடையாது, ஆனா வரித்துறை அங்கீகரிச்ச சபைக்குக் கொடுக்கிற காணிக்கைக்கு உண்டு. 2024-ல அந்த உச்சவரம்பு 18,300 க்ரோனர். அதுக்கு மேல கொடுக்கிறவங்க, குறைஞ்சது 10 வருஷத்துக்குக் கட்டுப்படுற ஒப்பந்தம் எழுதினா வருமானத்துல 15 சதவீதம் வரைக்கும் கழிக்கலாம். பத்துல ஒண்ணு கொடுக்கிறவங்களுக்கு இது தாராளமா போதும், ஆனா 10 வருஷம்ங்கிறதை யோசிச்சுக் கையெழுத்துப் போடுங்க. காணிக்கைப் பையில பேர் இல்லாம போட்ட நோட்டுக்கு எந்தச் சலுகையும் இல்ல. உங்க சிபிஆர் எண்ணை, அதாவது தனிநபர் அடையாள எண்ணை, சபைக்குக் கொடுத்தாத்தான் அவங்க வரித்துறைக்குத் தெரிவிக்க முடியும். டிசம்பர் 31-க்குள்ள போய்ச் சேர்ந்தது மட்டும்தான் அந்த வருஷக் கணக்கு. அதனால இந்த ஞாயித்துக்கிழமை பாஸ்டர்கிட்டயோ பொருளாளர்கிட்டயோ ரெண்டு விஷயம் கேளுங்க: நம்ம சபை அங்கீகாரப் பட்டியல்ல இருக்கா, போன வருஷ வரவு செலவு அறிக்கையை எங்க பார்க்கலாம்? ரெண்டாவதுக்குப் பதில் வரலைன்னா, வர்ற வரைக்கும் உங்க பத்துல ஒண்ணைக் கஷ்டப்படுற ஒரு குடும்பத்துக்கு நேராவே கொடுங்க.