பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பின்பக்கம் காற்று வழி: வெட்டும் முன் யோசிக்க வேண்டியது என்ன?

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை கொட்டிவாக்கம் பக்கம் ஈசிஆரில் நின்றால், சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம், வருவது பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்று. சாலை காலியாக இருக்கும் அந்த நேரத்தில் காருக்கும் குஷி, ஓட்டுபவருக்கும் குஷி. சிக்கல் திரும்பும்போதுதான். மாமல்லபுரம் போய்விட்டுக் கொட்டிவாக்கம் வந்து சேர மணி ஒன்பதைத் தாண்டிவிடும். வெயில் ஏறியிருக்கும், திருவான்மியூர் சிக்னல் வரை வண்டிகள் வரிசை கட்டியிருக்கும். டெம்பரேச்சர் முள்ளும் மெல்ல மேலே போகும்.

அப்போது யாராவது ஒருவர் யோசனை சொல்வார்: "பின்னாடி ரெண்டு பக்கமும் காத்து வழி வெச்சிட்டா போதும், சரியாயிடும்."

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் தப்பான இடத்தில் ஓர் ஓட்டை போட்டால் சூடும் குறையாது, காரின் சட்டபூர்வ அந்தஸ்தும் கேள்விக்குறியாகலாம்.

பின்பக்கம் ஏன் சூடாகிறது?

முதல் காரணம் எஞ்சின். பழைய போர்ஷே 911-ல் எஞ்சின் பின் சக்கரங்களுக்கும் பின்னால் இருக்கிறது. லம்போர்கினி கவுன்டாக் போன்றவற்றில் இருக்கைக்குப் பின்னால் நடுவில். எஞ்சின் முன்னால் இருக்கும் காரில் எதிர்க்காற்று நேராக ரேடியேட்டரில் மோதும். பின்னால் இருக்கும் எஞ்சினுக்கு அந்த வசதி கிடையாது. காற்றை வழி போட்டு அழைத்து வர வேண்டும்.

இரண்டாவது காரணம் பிரேக். 900 கிலோ எடையுள்ள கார் 100 கி.மீ. வேகத்திலிருந்து ஒருமுறை முழுதாக நின்றால், ஏறக்குறைய 3.5 லட்சம் ஜூல் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க இதைவிடக் குறைவான வெப்பமே போதும். இந்தச் சூடு பிரேக் ஆயிலுக்குப் போனால் ஆபத்து. புதிய டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. அதுவே காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பழசானால் 155 டிகிரி வரை இறங்கிவிடலாம். ஆயில் கொதித்து ஆவிக் குமிழி உண்டானால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது.

ஆனால் பிரேக் போடும்போது காரின் எடை முன்பக்கம் சாய்வதால், பெரும்பாலான கார்களில் அதிக வேலை முன் பிரேக்குகளுக்குத்தான். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் சேஸிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். அதைப் போல எஞ்சினும் முன்னால் இருக்கும் கார்களில், தெரு ஓட்டத்துக்குப் பின்பக்கக் காற்று வழியால் பெரிய லாபம் இருக்காது. ஆக முதல் கேள்வி "எங்கே வெட்டலாம்?" என்பதல்ல, "எது சூடாகிறது?" என்பதுதான்.

ஓட்டை போட்டால் காற்று வந்துவிடுமா?

வராது. அழுத்தம் அதிகமுள்ள இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத்தான் காற்று ஓடும். ஓட்டை குறைந்த அழுத்தப் பகுதியில் அமைந்துவிட்டால், காற்று உள்ளே வருவதற்குப் பதில் உள்ளிருக்கும் சூடான காற்று வெளியே வரும். உள்ளே வந்த காற்று வெளியேற வழி இல்லையென்றாலும் பயனில்லை. ஒரு ஜன்னல் மட்டும் திறந்த அறையில் காற்றோட்டம் இருக்காது இல்லையா, அதே கதைதான்.

இதைப் பெரிய நிறுவனங்களே பட்டுத்தான் தெரிந்துகொண்டன. 1971-ல் ஜெனீவா கண்காட்சியில் லம்போர்கினி காட்டிய கவுன்டாக் மாதிரி காரின் பக்கவாட்டில் மெல்லிய பிளவுகள் மட்டுமே இருந்தன. பார்க்க அழகு. ஓட்டிச் சோதித்தபோது எஞ்சின் குளிரவில்லை. 1974-ல் விற்பனைக்கு வந்த காரில் கதவிலிருந்து பின்பக்கம் வரை ஒரு முக்கோணப் பள்ளமும், தோள்பட்டையில் பெட்டி போன்ற காற்று வாயும் சேர்ந்திருந்தன. இன்று அந்தக் காரின் அடையாளமாகப் பலர் ரசிக்கும் அந்த வடிவம், சூட்டைத் தணிக்கச் செய்த திருத்தம்.

அந்த முக்கோணப் பள்ளத்துக்குப் பெயர் நாகா டக்ட். நாசாவின் முன்னோடியான அமெரிக்க அமைப்பு 1940-களில் விமானங்களுக்காக உருவாக்கியது. முனை குறுகலாகத் தொடங்கிப் பின்னால் போகப் போக விரியும். அதன் கூர்மையான ஓரங்களில் உருவாகும் சிறு சுழல்கள் காற்றை உள்ளே இழுத்துத் தரும். வெளியே துருத்தாததால் எதிர்க்காற்றின் தடையும் அதிகரிக்காது. 1966 ஷெல்பி மஸ்டாங் ஜிடி350-ல் வேறு வழி: பின் சக்கரத்துக்கு முன்னால் துருத்தி நிற்கும் வாய், பின் பிரேக்குக்குக் காற்று தந்தது.

இடம் சரிதானா என்று பார்க்கப் பெரிய ஆய்வகம் வேண்டாம். பாடியில் சின்னச் சின்ன நூல் துண்டுகளை டேப் போட்டு ஒட்டி, பக்கத்தில் இன்னொரு காரிலிருந்து வீடியோ எடுத்தால் போதும். நூல் எந்தப் பக்கம் படிகிறதோ அதுதான் காற்றின் பாதை. நூல் தாறுமாறாகத் துடிக்கும் இடத்தில் நாகா டக்ட் வைத்துப் பிரயோஜனமில்லை.

டிராஃபிக்கில் என்ன ஆகும்?

சென்னைக்காரர்கள் கவனிக்க வேண்டியது இதுதான். எதிர்க்காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 90 கி.மீ. வேகத்தில் கிடைப்பதில் ஒன்பதில் ஒரு பங்குதான் 30 கி.மீ. வேகத்தில் கிடைக்கும். சிக்னலில் நிற்கும்போது? பூஜ்யம். நெரிசலில் கார் சூடாவதுதான் பிரச்சினை என்றால், காற்று வழி அதற்கு மருந்தே அல்ல. எலெக்ட்ரிக் ஃபேன், சுத்தமான ரேடியேட்டர், சரியான தெர்மோஸ்டாட், எஞ்சினைச் சுற்றியுள்ள தகடு, ரப்பர்களில் இடைவெளி இல்லாமை ஆகியவைதான் காப்பாற்றும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில், கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு சட்டத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்றது.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு இழப்பும் உண்டு. 2021 ஜூலையில் வந்த மத்திய அரசின் விதிகள்படி, முதல் பதிவாகி 50 ஆண்டுகளைக் கடந்த கார் 'விண்டேஜ்' அந்தஸ்து பெறலாம். ஆனால் அது அசல் வடிவில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சினில் கணிசமான மாற்றம் செய்திருக்கக் கூடாது. இந்தப் பிரிவில் பதிவான காரைத் தினசரி ஓட்டவும் முடியாது, கண்காட்சி, ரேலி போன்றவற்றுக்குத்தான். 1970-களின் கார் வைத்திருப்பவர் இன்று பின் ஃபெண்டரை வெட்டினால், நாளை விண்ணப்பிக்கும்போது அந்த வெட்டே எதிராக நிற்கலாம்.

உப்புக்காற்று வேறு

கொட்டிவாக்கத்தில் கடல் கூப்பிடு தூரம். வெட்டிய தகட்டின் ஓரத்தில் பெயின்ட் சரியாகப் பிடிக்காவிட்டால், அங்கிருந்துதான் துரு தொடங்கும். மேலே பட்டி போட்டு மூடினால், உள்ளே அரிப்பது வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். மழைக்காலத்தில் அதே வழியாகத் தண்ணீரும் உள்ளே வரும். ஆகவே ஹோஸின் தாழ்வான இடத்தில் வடிகால் துளை வேண்டும். காற்று வழியின் வாய் எக்காரணம் கொண்டும் மின் இணைப்புகளைப் பார்த்திருக்கக் கூடாது.

அப்படியானால் என்ன செய்யலாம்?

முதலில் பராமரிப்பு. பிரேக் ஆயில், ரேடியேட்டர், ஃபேன், ஹோஸ்கள் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். பல கார்களில் கதை இங்கேயே முடிந்துவிடும்.

அதற்கும் அடங்காவிட்டால், எந்தப் பகுதி எவ்வளவு சூடாகிறது என்று அளந்து பாருங்கள். பிறகு வெட்டாத வழி: காரில் ஏற்கெனவே இருக்கும் திறப்புகளைப் பயன்படுத்தி, அடிப்பக்கமாக ஹோஸ் கொண்டுபோய், போல்ட்டில் மாட்டும் பிராக்கெட். பிடிக்கவில்லையா, கழற்றிவிடலாம். சந்தேகம் இருந்தால் ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், கழற்றி மாற்றக்கூடிய பாகத்தை வெட்டுங்கள். எஞ்சின் மூடிக்கு இன்னொன்று வாங்கி அதில் செய்தால், அசல் மூடி வீட்டில் பத்திரமாக இருக்கும். ஃபெண்டருக்கு அந்த வசதி இல்லை; வெட்டினால் வெட்டியதுதான்.