அங்கவடி இல்லாத மன்றோவைத் தெரியுமா?

சென்னைத் தீவுத்திடல் பக்கம், அண்ணா சாலையில் குதிரைமேல் ஒரு வெள்ளைக்காரர் உட்கார்ந்திருக்கிறாரே, அவர் குதிரைக்குச் சேணமும் கிடையாது, அங்கவடியும் கிடையாது, கவனித்திருக்கிறீர்களா? சிற்பி மறந்துவிட்டாராம், யாரோ சுட்டிக்காட்டியதும் அவமானத்தில் உயிரை விட்டாராம்! அத்தனையும் கட்டுக்கதை. சிலையைச் செய்த பிரான்சிஸ் சான்ட்ரி, லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்திலுள்ள நான்காம் ஜார்ஜ் மன்னரையும் இப்படித்தான் வெறுங்குதிரையில் ஏற்றினார். அது அவர் பாணி. சிலை இங்கே நிறுவப்பட்டது 1839-இல். சிற்பி இறந்தது 1841-இல்!

சரி, மேலே இருப்பவர் யார்? தாமஸ் மன்றோ. கிளாஸ்கோவில் பிறந்தவர், 1780-இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் கடைநிலைப் பயிற்சி வீரராக மதராஸில் வந்திறங்கினார். வந்த கையோடு ஹைதர் அலியுடன் போர்! 40 ஆண்டு கழித்து, 1820-இல், அதே மதராஸுக்கு ஆளுநர்.

உங்கள் வீட்டுப் பீரோவில் பத்திரமாக இருக்கும் பட்டாவில் இவர் கைவண்ணம் உண்டு என்றால் நம்புவீர்களா? வங்காளத்தில் 1793-இல் ஜமீன்தார்களுக்கு நிலத்தை நிரந்தரமாக எழுதிக்கொடுத்துவிட்டது கம்பெனி. நம் பக்கம் பாராமகாலில், அதாவது இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில், அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே மன்றோவும் வேறு வழி போனார்கள். இடையில் ஜமீன்தார் எதற்கு? வயலை அள, மண்ணைத் தரம் பிரி, உழுகிறவன் பெயரிலேயே பட்டா கொடு, வரியை அவனிடமே வாங்கு! இதுதான் ரயத்துவாரி. மன்றோ ஆளுநரானதும் மதராஸ் மாகாணத்தின் பெரும்பகுதிக்கு இதுவே முறையானது.

அதற்காக அவரை ஏழைப் பங்காளன் என்று தூக்கிவைக்க வேண்டாம். ஜமீன்தார் போனார், அந்த இடத்தில் சர்க்காரே வந்து உட்கார்ந்தது. வரி கழுத்தை நெரித்தது. இது மன்றோவுக்கே தெரியும்: கடப்பை, பெல்லாரி வட்டாரத்தில் வரியைக் கால்பங்கு குறைக்கச் சொல்லி 1807-லேயே எழுதினார். மேலிடம் அப்போது அசையவில்லை.

இன்னொன்று. மாவட்ட ஆட்சியர் தடை உத்தரவு போடுகிறாரே, வரி வசூலிக்க வந்த கலெக்டருக்கு அந்த நீதிபதி அதிகாரம் எங்கிருந்து வந்தது? நீதிபதிகளிடமிருந்த போலீஸ், மாஜிஸ்திரேட் அதிகாரங்களை 1816-இல் கலெக்டர் கைக்கு மாற்றியது மன்றோ தலைமை வகித்த கமிஷன். சின்ன வழக்குகளைத் தீர்க்கும் உரிமை கிராம முன்சீப்புக்கு வந்ததும் அதே சீர்திருத்தத்தில்தான். கிராம முன்சீப் பதவி 1980-இல் எம்.ஜி.ஆர். ஆட்சி ஒழிக்கும்வரை ஓடியது!

1822-இல் இவர் கலெக்டர்களிடம் ஒரு கணக்குக் கேட்டார்: உங்கள் ஜில்லாவில் எத்தனை பள்ளிக்கூடம், யார் யார் படிக்கிறார்கள்? வந்த விடை 12,498! ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்ற அளவில். தமிழ் ஜில்லாக்களில் சூத்திரர் என்று பதிவான பிள்ளைகளே பெரும்பான்மை. பெண்பிள்ளைகளோ மிகக் குறைவு. பின்னாளில் காந்தியவாதி தரம்பால் இந்த ஏடுகளைத் தேடியெடுத்து ஒரு புத்தகமே போட்டார்.

இந்தியருக்குப் பெரிய பதவி கொடுக்காமல் ஒதுக்குவது அவர்களைத் தாழ்த்துகிறது என்று 1824 டிசம்பர் 31-ஆம் தேதிக் குறிப்பில் வாதாடியவரும் இவரே. அந்நிய ஆட்சியும் சுதந்திரப் பத்திரிகையும் ஒன்றாக வாழ முடியாது என்று 1822-இல் எழுதியவரும் இவரே! விசித்திரமான மனிதர்.

மந்திராலயத்தில் மடத்து நிலத்தை விசாரிக்கப் போனவருக்கு, 1671-லேயே பிருந்தாவனம் புகுந்த ராகவேந்திரர் காட்சி தந்து பேசினார் என்பது ஐதீகம். திருமலையில் இவர் பெயரில் ஒரு நைவேத்திய கங்காளமே உண்டு என்பார்கள். ராயலசீமையில் பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பெயர் வைத்தார்கள்! (கேரளத்து மன்றோ துருத்துக்குப் பெயர் தந்தவர் வேறு ஆள், திருவிதாங்கூர் ரெசிடென்ட் ஜான் மன்றோ. குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

ஊருக்குத் திரும்பும் முன் பழைய ஜில்லாக்களை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று கிளம்பியவரைக் காலரா பிடித்தது. 1827 ஜூலை 6, கர்நூல் பக்கம் பத்திகொண்டாவில் இறந்தார். குத்தியில் அடக்கம் செய்தவர்கள், 1831-இல் எலும்புகளைக் கோட்டை செயின்ட் மேரி தேவாலயத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

ரயத்துவாரியோடு வேரூன்றிய ஆண்டுக் கணக்குமுடிப்பு இன்றும் நடக்கிறது. ஒவ்வொரு பசலி (வருவாய்த்துறைக் கணக்காண்டு) முடிவிலும், மே, ஜூன் வாக்கில், உங்கள் தாலுகா ஆபீசில் ஜமாபந்தி உண்டு. பட்டாவில் பெயர் மாற வேண்டுமா, இந்த வருஷமே மனுவோடு போய் நில்லுங்கள்.