தெளிந்த நீரும் தெரியாத நஞ்சும்

நஞ்சு என்ற சொல்லைக் கேட்டவுடன், நிறத்தாலோ மணத்தாலோ சுவையாலோ தன்னைக் காட்டிக்கொள்ளும் ஒரு பொருளையே நம் மனம் நினைக்கின்றது. அவ்வாறே, தெளிந்த நீரைக் கண்டவுடன் அது தூய நீர் என்று துணிகின்றோம். இவ்விரண்டு எண்ணங்களும் பிழையாகலாம் என்பதை இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்துச் சிற்றூர் மக்கள் தம் உடலிலேயே கண்டறிந்தனர். நோயைத் தடுக்கும் நோக்குடன் இறக்கப்பட்ட கிணறுகளின் நீரே அவர்க்கு நோயாயிற்று. அந்நீரிற் கரைந்திருந்த ஆசனிக்கு என்னும் மூலகத்தின் இயல்பினையும், அது மண்ணினின்று நீருக்கும் நீரினின்று வயலுக்கும் செல்லும் வழியினையும், அதனைத் தடுக்கும் முறைகளையும் மாணவர்க்கு விளங்குமாறு எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆசனிக்கு நமக்கு முற்றிலும் புதியதன்று. சித்த மருத்துவ நூல்கள் கூறும் தாளகம், மனோசிலை, வெள்ளைப் பாஷாணம் ஆகிய மூன்றும் அதன் சேர்வைகளே. தாளகத்திற்கு அரிதாரம் என்பது மற்றொரு பெயர். நாடகத்தில் முகத்திற் பூசும் ஒப்பனையை இன்றும் அரிதாரம் என்றே வழங்குகின்றோம். அச்சொல் இம்மஞ்சட் கனிப்பொருளின் பெயரினின்று வந்ததாகும். தாளகமும் மனோசிலையும் ஆசனிக்கும் கந்தகமும் சேர்ந்து ஆனவை. முன்னது மஞ்சள் நிறமும் பின்னது செந்நிறமும் உடையன. வெள்ளைப் பாஷாணமோ ஆசனிக்கும் ஒட்சிசனும் சேர்ந்த வெண்பொடி. மணமும் சுவையும் அற்றதாகலின், ஐரோப்பிய நாடுகளில் நெடுங்காலம் கொலைஞரின் கருவியாகப் பேர்பெற்றது இதுவே.

ஆசனிக்கின் அணுவெண் 33. ஆவர்த்தன அட்டவணையில் நைதரசன், பொசுபரசு ஆகியவற்றின் கீழே, அதே கூட்டத்தில் அது இடம்பெறுகின்றது. தனிநிலையில் நரைநிறமும் உலோகம் போன்ற மினுக்கமும் உடையதாயினும், அடித்தால் நொறுங்கும். சாதாரண அமுக்கத்தில் வெப்பமேற்றினால், ஏறத்தாழ 615 பாகை சதமவளவையில், உருகாது நேரே ஆவியாகும். ஆதலின் அதனை உலோகத்திற்கும் அல்லுலோகத்திற்கும் இடைப்பட்டதாக வைப்பர். அதன் புறவோட்டில் ஐந்து இலத்திரன்கள் உள. சேர்வைகளில் அது மூன்று, ஐந்து ஆகிய இரு வலுவளவுகளைப் பெரும்பாலும் காட்டும். காற்றோட்டமுள்ள நீரில் ஐவலுவுடைய ஆசனேற்றாகவும், காற்றில்லா நீரில் மூவலுவுடைய ஆசனைற்றாகவும் அது பெரிதும் காணப்படும். இவ்வேறுபாட்டினை வாசகர் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். பின்னர்க் கூறுவனவற்றுட் பல இதனையே பற்றி நிற்பன.

இம்மூலகம் நஞ்சாவதன் காரணமும் இவ்விரு நிலைகளில் அடங்கியுள்ளது. ஆசனேற்று அமைப்பிற் பொசுபேற்றினை ஒத்தது. உயிர்க்கலங்கள் தமக்கு வேண்டிய சத்தியைப் பொசுபேற்றுச் சேர்வைகளிலேயே சேமித்து வைக்கின்றன. பொசுபேற்றின் இடத்தில் ஆசனேற்று புகுந்தால் அச்சேமிப்பு நிலைபெறாது குலையும். ஆசனைற்றோ இதனினும் கொடியது. நொதியங்களிலுள்ள கந்தகத்துடன் இறுகப் பிணைந்து அவற்றைச் செயலற்றனவாக்கும். கந்தகத்தின் மீது இதற்குள்ள பற்றினாலேயே தாளகமும் மனோசிலையும் பாறைகளில் உண்டாயின; அதே பற்று உடலினுட் சென்றபோது உயிருக்குக் கேடாகின்றது.

இத்தகைய நஞ்சினைக் கண்டுபிடிக்கும் முறை எப்போது தோன்றியது என்பதை அடுத்து நோக்குவாம். 1832ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒருவன் தன் பாட்டனாருக்குக் கோப்பியில் நஞ்சிட்டான் என்று வழக்கு நடந்தது. ஜேம்ஸ் மார்ஷ் என்னும் இரசாயனர் ஐதரசன் சல்பைட்டு வாயுவினைச் செலுத்தி மஞ்சள் வீழ்படிவு ஒன்றைப் பெற்றார். பள்ளி ஆய்கூடத்தில் உப்புப் பகுப்புச் செய்த பழைய மாணவர் இச்சோதனையை நன்கு அறிவர். ஆயின் சான்றாயர் முன் காட்டுவதற்குள் அவ்வீழ்படிவு கெட்டுவிட்டது. குற்றஞ்சாட்டப்பட்டவன் விடுதலை பெற்றான். பின்னர்த் தன் குற்றத்தை அவனே ஒப்புக்கொண்டான். இதனால் மனம் நொந்த மார்ஷ், 1836இல் புதியதொரு சோதனையை வெளியிட்டார். ஐயத்திற்குரிய பொருளை நாகத்துடனும் அமிலத்துடனும் சேர்த்தால், உண்டாகும் ஐதரசன் ஆசனிக்கினைத் தாழ்த்தி ஆசீன் என்னும் வாயுவாக்கும். அவ்வாயுவைச் சூடேற்றிய கண்ணாடிக் குழாயினூடே செலுத்தினால், குழாயின் உட்புறத்தே ஆசனிக்கு கருமையான ஆடிபோற் படியும். பின்னர்க் குட்சைட் என்பார் இம்முறையை எளிமையாக்கினார். அவ்வழியே வந்த இன்றைய சோதனைப் பெட்டியில் கண்ணாடிக் குழாய்க்குப் பதிலாக இரசப் புரோமைட்டுத் தோய்ந்த ஒரு தாள்துண்டே உளது. அது மஞ்சளாகவோ கபிலமாகவோ மாறினால் ஆசனிக்கு உண்டென்பது துணிபு. ஆகவே, நூற்றாண்டுக்கு மேலாக இந்நஞ்சினைக் காணும் கண் உலகிற்கு இருந்தது. அக்கண்ணைத் திறந்து பார்க்க வேண்டிய இடத்திற் பாராமையே பின்னர் நேர்ந்த பெருந்துன்பத்திற்கு ஒரு காரணமாயிற்று.

கங்கை, பிரமபுத்திரா, மேக்னா ஆகிய ஆறுகள் கொணர்ந்த வண்டலால் ஆன நாடு வங்காளம். அங்கே குளத்து நீரையும் ஆற்று நீரையும் பருகிய மக்களை வாந்திபேதியும் வயிற்றோட்டமும் வாட்டின. குழந்தைகள் பெருந்தொகையினராய் மடிந்தனர். இதனைத் தடுக்கும் பொருட்டு, 1970களில் வங்காளதேச அரசும் யுனிசெவ் தாபனமும் பிறவும் குழாய்க்கிணறுகளை நாடெங்கும் பரப்பின. மென்மையான வண்டலில் ஒரு குழாயை இறக்கிக் கைப்பம்பியைப் பூட்டுதல் எளிதாகலின், மக்களும் தம் செலவிலே பல இலட்சம் கிணறுகளை அமைத்துக்கொண்டனர். மணலினூடே வடிந்து வந்த அந்நீர் தெளிவும் குளிர்ச்சியும் உடையதாய், நோய்க்கிருமிகள் குன்றியதாய் இருந்தது. செய்தது நற்செயலே, செய்தவர் நோக்கமும் நன்றே.

1980களின் தொடக்கத்தில் கல்கத்தாவின் வெப்பவலய மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த தோல்நோய் மருத்துவர் கே. சி. சாகா, மேற்கு வங்கச் சிற்றூர்களிலிருந்து வந்த நோயாளரிடம் ஒரே வகையான குறிகளைக் கண்டார். உடலிற் கரும்புள்ளிகள் பரவியிருந்தன. உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துக் காய்த்திருந்தன. இவை நாட்பட்ட ஆசனிக்கு நஞ்சின் அடையாளங்கள் என்பதும், அந்நஞ்சு குழாய்க்கிணற்று நீரினின்று வந்தது என்பதும் தெளிவாயின. ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்துத் தீபங்கர் சக்கரவர்த்தி முதலியோர் ஊர் ஊராகச் சென்று நீரைச் சோதித்து இதன் பரப்பினை எடுத்துக்காட்டினர். எல்லைக்கு அப்பால், வங்காளதேசத்து நவாப்கஞ்ச் மாவட்டத்துக் கிணறுகளில் 1993இல் இந்நஞ்சு கண்டறியப்பட்டது.

உலகச் சுகாதாரத் தாபனம் குடிநீருக்கு வகுத்த அளவு ஓர் இலீற்றரில் 10 மைக்கிரோகிராம். அஃதாவது 1,00,000 இலீற்றர் நீரில் ஒரு கிராம். வங்காளதேசம் வகுத்த எல்லையோ 50 மைக்கிரோகிராம். 1998, 1999ஆம் ஆண்டுகளில் 3,534 கிணறுகளை ஆராய்ந்தபோது, 150 மீற்றருக்குக் குறைந்த ஆழமுள்ள கிணறுகளில் நூற்றுக்கு 27 இவ்விரண்டாவது எல்லையையும் கடந்து நின்றன. ஏறத்தாழ மூன்றரைக் கோடி மக்கள் அத்தகைய நீரைப் பருகினர் என்று கணக்கிடப்பட்டது. வரலாறு கண்ட நச்சூட்டங்களுள் மிகப் பெரியது இதுவே என்று 2000ஆம் ஆண்டில் உலகச் சுகாதாரத் தாபனத்தின் ஆய்விதழிலே அறிஞர் எழுதினர்.

இந்நஞ்சு எங்கிருந்து வந்தது? தொழிற்சாலைக் கழிவினின்றோ சுரங்கத்தினின்றோ வந்ததன்று. வியக்கத்தக்க செய்தி யாதெனில், வங்காளத்து வண்டலில் ஆசனிக்கு மிகுதியாக இல்லை. ஒரு கிலோகிராம் வண்டலில் சில மில்லிகிராம் அளவே உளது. இது உலகின் பிற பகுதி மண்ணிலும் காணப்படும் அளவாகும். ஒரு கிலோகிராம் வண்டலில் 5 மில்லிகிராம் ஆசனிக்கு இருப்பதாகக் கொள்வோம். அதில் ஐம்பதில் ஒரு பங்கு மட்டும் ஓர் இலீற்றர் நீரிற் கரைந்தாலும், அந்நீரில் 100 மைக்கிரோகிராம் இருக்கும். அது உலகச் சுகாதாரத் தாபனத்தின் அளவிலும் பத்து மடங்கு. ஆகவே வினாவுக்குரியது எவ்வளவு ஆசனிக்கு உளது என்பதன்று. எது அதனை மண்ணினின்று விடுவித்தது என்பதே.

இதற்கு முதலில் ஒரு விளக்கம் கூறப்பட்டது. நீரை மிகுதியாக இறைத்தமையால் நிலத்தடியிற் காற்றுப் புகுந்து, ஆசனிக்கு அடங்கிய இரும்புச் சல்பைட்டுக் கனிப்பொருளை ஒட்சியேற்றியது என்பர். அவ்வாறாயின் நஞ்சு மிகுந்த நீரில் சல்பேற்றும் மிகுந்திருத்தல் வேண்டும். ஆனால் அந்நீரிற் சல்பேற்று மிகக் குறைவு. கரைந்த ஒட்சிசன் இல்லை. கரைந்த இரும்போ மிகுதி. ஆதலின் அறிஞர் இதற்கு நேர்மாறான விளக்கத்தையே பெரிதும் ஏற்கின்றனர். இமயத்தினின்று வந்த மணற்றுகள்களின் மேல் இரும்பொட்சைட்டு, துருப்போல, ஒரு பூச்சாகப் படிந்துள்ளது. காற்றுள்ள காலத்து ஆசனேற்று இப்பூச்சில் இறுகப் பற்றி நின்றது. பின்னர், தாவரங்களின் மட்கிய எச்சங்களும் வண்டலோடு சேர்ந்து புதையுண்டன. அவற்றை உணவாகக் கொண்ட பற்றீரியாக்கள் ஒட்சிசன் முழுவதையும் செலவிட்டபின், துருவிலுள்ள இரும்பினையே தம் சுவாசத்திற்குப் பயன்படுத்தின. இரும்பு தாழ்த்தப்பட்டு நீரிற் கரைந்தது. பற்றி நின்ற இடம் கரைந்தமையால் ஆசனிக்கும் நீரிற் கலந்து, பெரும்பாலும் ஆசனைற்றாக மாறிற்று. குழாய் அந்நீரை மேலே கொணர்ந்தது.

இவ்விளக்கத்திற்கு ஒரு நல்ல சான்று உளது. காற்றோட்டமுள்ள பழைய திறந்த கிணறுகளின் நீரில் ஆசனிக்கு பொதுவாகக் குறைவாகவே காணப்பட்டது. கிருமியைத் தவிர்க்க மூடிய குழாயை நாடிய மக்கள், காற்றில்லா ஆழத்து நீரையே நாடியவராயினர். எனினும் மேலும் ஆழத்தே, 150 மீற்றருக்குக் கீழே, இரும்பொட்சைட்டு இன்னும் கரையாதிருக்கும் பழைய மணற்படைகளில் நீர் பெரும்பாலும் நன்றாகவே உளது.

குடிநீரோடு இக்கேடு நின்றுவிடவில்லை. கோடைக்காலத்து நெற்செய்கைக்கு அதே நிலக்கீழ் நீர் பாய்ச்சப்படுகின்றது. வயலில் அந்நீர் காற்றுப்பட்டவுடன் இரும்பு மீண்டும் துருவாகி ஆசனிக்கினைப் பற்றிக்கொண்டு மேல்மண்ணிற் படிகின்றது. பின்னர் வயலில் நீர் தேங்கி மண் காற்றற்றதாகும்போது, ஆசனைற்று விடுபட்டு வேர்களை அடைகின்றது. நெற்பயிர் தன் தண்டின் உறுதிக்காக மண்ணினின்று சிலிக்காவை மிகுதியாக உறிஞ்சும். சிலிக்கா செல்லும் வாயிலினூடே ஆசனைற்றும் புகுந்துவிடுகின்றது. இதனால் ஏனைத் தானியங்களைவிட நெல்லில் இந்நஞ்சு மிகுதியாகச் சேர்கின்றது. தூய நீரை மிகையாக விட்டு அரிசியைச் சமைத்துக் கஞ்சியை வடித்தால் ஒரு பகுதி நீங்கும். நீரே நஞ்சுடையதாயின் வடித்தலாற் பயனில்லை.

இந்நோய் ஒரு நாளில் வருவதன்று. பல ஆண்டுகள் பருகிய பின்னரே தோலிற் குறிகள் தோன்றும். அதன்பின் தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றிற் புற்றுநோயும் வரலாம். உடல் நோயினும் கொடிய துன்பம் ஒன்றும் உடன் வந்தது. கைகாலிற் புண்பட்டவரைத் தொழுநோயாளர் என்று எண்ணி ஊரார் விலக்கினர். இது தொற்றுநோயன்று என்பதை அறியாமையால் இளம்பெண்களின் திருமணங்கள் தடைப்பட்டன. நஞ்சூட்டிய நீர் எல்லார் வீட்டிலும் இருந்தது. பழி மட்டும் நோயுற்றவர்மேல் வந்தது.

பரிகாரம் யாது? நீரைக் கொதிக்கவைத்தல் இங்கு உதவாது. கிருமி சாகும், ஆனால் நீர் வற்ற வற்ற ஆசனிக்கின் செறிவு கூடும். முதற்பரிகாரம் சோதித்தலே. ஏறத்தாழ 50 இலட்சம் கிணறுகள் சோதிக்கப்பட்டு, எல்லை கடந்த ஏறத்தாழ 14 இலட்சம் கிணறுகளுக்குச் சிவப்பு நிறமும் ஏனையவற்றிற்குப் பச்சை நிறமும் பூசப்பட்டன. எழுத்தறியாதவரும் அறியத்தக்க இவ்வேற்பாட்டினால் பலர் அயலிலுள்ள பச்சைக் கிணற்றை நாடினர். இரண்டாவது, ஆழ்கிணறு. மூன்றாவது, வடிகட்டல். வங்காளதேசத்திற் பிறந்த இரசாயனப் பேராசிரியர் அபுல் உசாம் இரும்பு, மணல், கரி, செங்கற் சல்லி ஆகியவற்றைக் கொண்டு வீட்டு வடிகட்டி ஒன்றை அமைத்து, 2007இல் அமெரிக்காவின் கிரேஞ்சர் பரிசினைப் பெற்றார். அதன் தத்துவம் மேலே கூறியதே. காற்றில்லா நிலத்தடியில் கைவிட்ட இரும்பு, காற்றுள்ள வாளியில் மீண்டும் துருவாகி நஞ்சினைப் பற்றிக்கொள்கின்றது. கேட்டினை விளைத்த இரசாயனமே அதனைத் தீர்க்கும் வழியையும் காட்டுகின்றது. எனினும் வடிகட்டியிற் சேர்ந்த நச்சுக்கழிவினை வயலிலோ குளத்திலோ கொட்டலாகாது. கொட்டினால் வட்டம் மீண்டும் தொடங்கும்.

இறுதியாக ஒன்று கூறுதல் வேண்டும். 1992இல் பிரித்தானியப் புவியியல் அளவைத் தாபனத்தினர் வங்காளதேசத்துக் கிணறுகள் சிலவற்றின் நீரைச் சோதித்து அறிக்கை விடுத்தனர். பல மூலகங்களை அளந்தனர், ஆசனிக்கினை அளக்கவில்லை. இது பற்றி இங்கிலாந்தில் வழக்கு நடந்தது; அம்மக்கள்பால் அத்தாபனத்திற்குச் சட்டக் கடப்பாடு இல்லை என்று 2006இல் உயர்ந்த நீதிபதிகள் தீர்த்தனர். சட்டம் அவ்வாறு கூறலாம். அறிவுடையார் மனம் அத்துடன் அமைதி கொள்ளுமோ? சோதனைக் குழாய் கேட்ட வினாவுக்கே விடை கூறும். கேளாத வினாவுக்கு மௌனமாகவே இருக்கும். அம்மௌனத்தை நலம் என்று கொண்டதே அங்கு நேர்ந்த பிழை.

யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலம் வங்காளத்து வண்டலன்று. எனவே அங்கு நிகழ்ந்தது இங்கும் நிகழ்ந்ததென்று அஞ்சவேண்டுவதில்லை. நம் கிணறுகளுக்குரிய குறைகள் உவரும், பசளையினின்று வரும் நைத்திரேற்றும் ஆம். ஆனால் நைத்திரேற்றும் நிறமற்றது, கண்ணுக்குப் புலனாகாதது. கண் தெளிவு என்று கூறுவது ஒன்று. சோதனை தூய்மை என்று கூறுவது வேறொன்று. ஆய்கூடத்தில் ஒரு வீழ்படிவின் நிறத்தைக் குறிப்பேட்டில் எழுதும் மாணவன், அது பரீட்சைப் புள்ளிக்கு மட்டும் உரியதன்று, ஓர் ஊரின் உயிரும் ஒருகால் அதனைப் பொறுத்து நிற்கும் என்பதை உணர்வானாக. அவ்வுணர்வு உண்டாயின், அவன் கற்ற இரசாயனம் பயனுடையதாகும்.