72 விநாடியில் ஒரு முடிவு! எமர்ஜென்சி நர்ஸ்களுக்கு ஒரு பரீட்சை

மகன் அமெரிக்காவில் இருக்கிறான். பேரனைக் கொஞ்ச நீங்களும் உங்கள் கணவரும் போயிருக்கிறீர்கள். ராத்திரி சாப்பாடு முடிந்து படுக்கப் போகும் நேரம். "நெஞ்சுல என்னமோ அழுத்துற மாதிரி இருக்கு" என்கிறார் அவர். "வாயுவாத்தான் இருக்கும், கொஞ்சம் வெந்நீர் குடு" என்று அவரே வைத்தியமும் சொல்கிறார். மகன் கேட்கவில்லை. 911-க்கு போன் போட்டு ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சிக்குக் கொண்டு போய்விடுகிறான்.

அங்கே ஒரு பெண்மணி வருகிறார். விவரம் கேட்கிறார். ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்க்கிறார். ஈ.சி.ஜி.யைப் படிக்கிறார். மருந்தும் எழுதுகிறார். பெயரோடு "நர்ஸ் ப்ராக்டிஷனர்" என்று சொல்லி அறிமுகப்படுத்திக் கொள்கிறார்.

உங்களுக்குத் திக்கென்கிறது. 'டாக்டர் எங்கே? நர்ஸ் பார்த்தா போதுமா?'

நியாயமான கேள்விதான். அவர் எப்படிப் படித்து, என்ன பரீட்சை எழுதி அந்த இடத்துக்கு வருகிறார் என்று தெரிந்துகொண்டால் உங்கள் பயம் பாதி குறைந்துவிடும். கூடவே, நம் வீட்டுக்கும் உதவுகிற பாடம் ஒன்று அதில் இருக்கிறது.

யார் இவர்?

1965-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும், ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து தொடங்கியது இந்தப் படிப்பு. டாக்டர்கள் போதாத இடங்களில் குழந்தைகளைக் கவனிக்க, அனுபவமுள்ள நர்ஸ்களுக்குக் கூடுதல் பயிற்சி கொடுத்தார்கள். இன்று நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. லொரெட்டா ஃபோர்டு 2025-ல், தன் 104-வது வயதில் காலமானார்.

நர்ஸ் ப்ராக்டிஷனர் ஆவது லேசான காரியமில்லை. முதலில் நர்ஸிங் பட்டம். பிறகு நர்ஸாக வேலை பார்க்க உரிமத் தேர்வு. (நம் ஊரில் பி.எஸ்ஸி. நர்ஸிங் முடித்துவிட்டுப் போகிறவர்களும் இந்தத் தேர்வை எழுதித்தான் ஆக வேண்டும்.) அதற்கு மேல் முதுகலைப் பட்டமோ டாக்டரேட்டோ. அதன் பிறகு 'ஃபேமிலி நர்ஸ் ப்ராக்டிஷனர்' சான்றிதழ். எந்த அளவுக்குத் தனியாக வைத்தியம் பார்க்கலாம், எப்போது டாக்டரோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்பதில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும்.

இத்தனையும் முடித்த பிறகு, எமர்ஜென்சிக்கென்றே தனியாக இன்னொரு சான்றிதழ் இருக்கிறது. அமெரிக்க நர்ஸ் ப்ராக்டிஷனர்கள் அகாடமியின் சான்றளிப்பு வாரியம் 2017-ல் இந்தத் தேர்வைத் தொடங்கியது. இது இல்லாமலும் பலர் எமர்ஜென்சியில் வேலை பார்க்கிறார்கள். ஆனால் 'இந்த வேலைக்கு நான் தயார்' என்று காட்ட இது ஒரு முத்திரை.

யார் எழுதலாம்?

ஃபேமிலி நர்ஸ் ப்ராக்டிஷனர் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். அதற்கு மேல் மூன்று வழிகள். எமர்ஜென்சிக்கான மேற்படிப்பு ஒரு வழி. அதற்கான விசேஷப் பயிற்சி இன்னொரு வழி. மூன்றாவது, அனுபவ வழி: கடைசி 5 வருஷத்தில் 2,000 மணி நேரம் எமர்ஜென்சியில் நோயாளிகளைப் பார்த்திருக்க வேண்டும். அதோடு 100 மணி நேரத் தொடர் கல்வி. அதில் 30 மணி நேரமாவது தையல் போடுவது, மாவுக்கட்டு போடுவது போன்ற கைவேலைப் பயிற்சியாக இருக்க வேண்டும்.

2,000 மணி நேரம் என்றால் எவ்வளவு? 12 மணி நேர டியூட்டியாக வாரத்துக்கு மூன்று நாள் பார்த்தால், ஒரு வருஷத்துக்குச் சற்று மேல் ஆகும்.

பரீட்சை எப்படி இருக்கும்?

150 கேள்விகள், 3 மணி நேரம். கணக்குப் போட்டால் ஒரு கேள்விக்கு 72 விநாடி! அதில் 15 கேள்விகள் சோதனைக்காக வைக்கப்படுபவை, மார்க் கிடையாது. எந்த 15 என்று எழுதுகிறவருக்குத் தெரியாது. 200-லிருந்து 800 வரையுள்ள அளவுகோலில் 500 எடுத்தால் பாஸ்.

எப்படிக் கேட்பார்கள்? இப்படி வைத்துக்கொள்ளுங்களேன்:

'வயது 67. சிகரெட் பழக்கம், ரத்தக்கொதிப்பு உண்டு. இடது விலாவுக்குக் கீழே திடீரென்று கடும் வலி. தொடை இடுக்கு வரை இறங்குகிறது. வியர்த்துக் கொட்டுகிறது. பிரஷர் 94/60. சிறுநீரில் கொஞ்சம் ரத்த அணுக்கள். அடுத்து என்ன செய்வீர்கள்?'

சிறுநீரகக் கல் என்றுதான் முதலில் தோன்றும். வலி மாத்திரை கொடு, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல், நாளைக்கு சிறுநீரக டாக்டரைப் பார்க்கச் சொல்... முடிந்தது கதை! நிஜமாகவே முடிந்துவிடும் அபாயம் உண்டு. இந்த வயதில், இந்தப் பழக்கத்தோடு, பிரஷரும் இறங்கியிருந்தால் வயிற்றுக்குள் ஓடும் மகாதமனி பலூன் மாதிரி உப்பி வெடித்திருக்கலாம். உடனே படுக்கைக்கே அல்ட்ராசவுண்டைக் கொண்டுவந்து பார்க்க வேண்டும். கையோடு ஆபரேஷனுக்கு ஆளைக் கூப்பிட வேண்டும். அதுதான் சரியான விடை.

இந்தப் பரீட்சையின் சூட்சுமமே இங்கேதான் இருக்கிறது. 'இது என்னவாக இருக்கும்?' என்று யோசிப்பது சாதாரண கிளினிக் பழக்கம். 'இது எதுவாக இருந்துவிடக் கூடாது?' என்று முதலில் யோசிப்பது எமர்ஜென்சி பழக்கம்.

எப்படித் தயாராவது?

எழுதப் போகிறவர் நீங்களாகவோ, உங்கள் வீட்டுப் பெண்ணாகவோ இருந்தால் இதைக் கவனியுங்கள்.

நோயின் பெயரை வைத்துப் படிக்காதீர்கள். நோயாளி சொல்லும் தொந்தரவை வைத்துப் படியுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். நெஞ்சு வலிக்கு ஒரு பக்கம், தலைவலிக்கு ஒரு பக்கம், வயிற்று வலிக்கு ஒரு பக்கம். உயிரை வாங்கக் கூடியவற்றைப் பக்கத்தின் தலையில் எழுதுங்கள். நெஞ்சு வலி என்றால் மாரடைப்பு, மகாதமனிச் சுவர் கிழிதல், நுரையீரலில் ரத்தக்கட்டி, நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைத்தல், இதய உறைக்குள் நீர் கோத்தல், உணவுக்குழாய் கிழிதல். ஒவ்வொன்றையும் எந்த அறிகுறி காட்டிக்கொடுக்கும், எந்தப் பரிசோதனை உறுதி செய்யும் என்று எதிரே எழுதுங்கள். அசிடிட்டி, தசைப்பிடிப்பு எல்லாம் பக்கத்தின் அடியில்தான்.

நேரக் கணக்குகளை விரல் நுனியில் வையுங்கள். நெஞ்சு வலியோடு வந்தால் 10 நிமிஷத்துக்குள் ஈ.சி.ஜி. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம். பையன்களுக்கு விரை முறுக்கிக்கொண்டால் 6 மணி நேரத்துக்குள் சரிசெய்தால்தான் காப்பாற்ற நல்ல வாய்ப்பு. பிறந்து 28 நாள் ஆகாத குழந்தைக்கு 100.4 டிகிரி ஜுரம் என்றால், குழந்தை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் முழுப் பரிசோதனை.

தெரியாததை முதலில் படியுங்கள். நாலு வருஷமாக நெஞ்சு வலியையே பார்த்தவருக்குக் கண், காது, பல், தோல், எலும்பு எல்லாம் துருப்பிடித்திருக்கும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அப்படித்தான். பிள்ளை பெறும் வயதில் ஒரு பெண் அடிவயிற்று வலியோடு வந்தால், வேறு எதையும் முடிவு செய்யும் முன் கர்ப்பப் பரிசோதனை. கருக்குழாயில் கரு தங்கி வெடித்தால் உயிருக்கே ஆபத்து.

'அடுத்து எங்கே?' என்பதையும் படியுங்கள். வீட்டுக்கா, வார்டுக்கா, வேறு பெரிய ஆஸ்பத்திரிக்கா? வீட்டுக்கு அனுப்பினால், என்ன ஏற்பட்டால் திரும்பி வர வேண்டும் என்று சொல்லி அனுப்ப வேண்டும். சட்டமும் உண்டு. 1986-ல் வந்த மத்தியச் சட்டப்படி, எமர்ஜென்சிக்கு வருகிறவரிடம் பணம் இருக்கிறதா, இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று பார்த்துப் பரிசோதனையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. (பில் வராது என்று அர்த்தமில்லை. அது பின்னால் கட்டாயம் வரும்!)

பன்னிரண்டு வாரம் ஒதுக்கினால் பதற்றமில்லாமல் படிக்கலாம். முதல் எட்டு வாரம் பாடம், கூடவே தினமும் இருபது கேள்விகள். கடைசி நாலு வாரத்தில், வாரம் ஒரு தடவை 150 கேள்விகளையும் ஒரே மூச்சில் மூன்று மணி நேரத்துக்குள் போட்டுப் பாருங்கள். தப்பான விடைகளுக்குத் தனி நோட்டு வையுங்கள். தெரியாமல் தப்பினதா, கேள்வியைச் சரியாகப் படிக்காததாலா, சரியாகப் போட்டுவிட்டு மாற்றியதாலா? காரணத்தை எழுதினால் உங்கள் பலவீனம் உங்களுக்கே தெரிந்துவிடும். எந்தக் கேள்வியையும் காலியாக விடாதீர்கள்.

பரீட்சைக்கு முந்தின இரவு டியூட்டி வேண்டவே வேண்டாம். தூங்காத மூளைக்கு 72 விநாடி போதாது.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

"ஏம்மா, இத்தனை வருஷம் வேலை பார்த்தாச்சு, இன்னும் என்ன படிப்பு?" என்று போனில் கேட்காதீர்கள். அங்கே நைட் டியூட்டி முடிகிற நேரம் காலை 7 மணி. கிழக்குக் கரையில் கோடைக்காலமாக இருந்தால் நமக்கு அப்போது மாலை 4.30. நாம் காபி குடித்துவிட்டு சாவகாசமாக போன் போடும் நேரத்தில்தான் அவர் கண்ணயரப் போவார். எப்போது பேசலாம் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பேரனைப் பார்க்கப் போயிருந்தால், நாளைக்கு இரண்டு மணி நேரம் குழந்தையை நீங்கள் வைத்துக்கொண்டாலே அது பெரிய உதவி. மாப்பிள்ளையும் சமையலறைப் பக்கம் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம், தப்பில்லை.

நமக்கு என்ன லாபம்?

பரீட்சை எழுதுகிறவருக்குச் சொல்லித் தருகிற அதே பாடம் நம் வீட்டுக்கும் வேண்டும். நெஞ்சில் அழுத்தினால் 'வாயு' என்று நாமே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். சோடா, ஓமத் தண்ணீர், தைலம் என்று வரிசையாக நேரத்தைக் கரைக்கிறோம். வாயுவாகவே இருக்கலாம், ஆனால் அதைச் சொல்ல வேண்டியது ஈ.சி.ஜி. சர்க்கரை நோயாளிகள், பெண்கள், வயதானவர்களுக்கு வலியே இல்லாமல் மூச்சு வாங்குவது, வாந்தி, காரணமில்லாத களைப்பு என்றுகூட மாரடைப்பு வரும்.

இவற்றுக்கெல்லாம் விடியும் வரை காத்திருக்கக் கூடாது:

* நெஞ்சில் அழுத்தம், கூடவே வியர்வையோ மூச்சுத் திணறலோ.

* ஒரு பக்கம் கை, கால் தொய்வது, வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது.

* இதுவரை வந்தே இராத மாதிரி, இடி விழுந்தாற்போல் திடீர்த் தலைவலி.

* முதுகு வலியோடு சிறுநீர் கழிக்க முடியாமல் போவது, அல்லது கால் மரத்துப்போவது.

* பச்சைக் குழந்தைக்கு ஜுரம்.

இங்கே என்றால் 108, அங்கே என்றால் 911.

நோயாளியைப் பார்க்க வருகிறவர் டாக்டரோ, நர்ஸ் ப்ராக்டிஷனரோ, அவருக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி மூன்று விவரங்கள். தொந்தரவு எத்தனை மணிக்குத் தொடங்கியது? தினமும் சாப்பிடும் மாத்திரைகள் என்னென்ன (நாட்டு மருந்து உட்பட)? எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது? மணி அப்போதுதான் தெரியும். மற்ற இரண்டையும் இன்றைக்கே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, வீட்டில் பெரியவர்கள் ஒவ்வொருவர் பர்ஸிலும் வைத்துவிடுங்கள். வெளிநாட்டுக்குக் கிளம்புகிறவர்கள் பாஸ்போர்ட்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.