கோழிக் குஞ்சுகளின் பராமரிப்பும் தீனியும்

கிராமங்களில் புறக்கடைக் கோழி என்பது பெரும்பாலும் பெண்டிரின் சொந்த முதலாகும். முட்டை விற்ற காசு அவர்கள் கையிலேயே தங்கிச் சில்லறைச் செலவுக்கு உதவுகிறது. ஆயினும் பத்துக் குஞ்சுகளுடன் இறங்கிய பெட்டை, இரண்டு மாதம் கழிவதற்குள் மூன்று நான்கு குஞ்சுகளுடன் திரிவதைப் பல ஊர்களிலும் காணலாம். கடன் வட்டிக்குக் கணக்குப் பார்க்கும் நாம் இந்த நஷ்டத்துக்குக் கணக்குப் பார்ப்பதில்லை. இதில் பெரும்பகுதி தவிர்க்கக் கூடியதே.

உஷ்ணம்: முட்டை 21 நாளில் பொரிகிறது. இறகு முளைக்கும்வரை குஞ்சு தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ள இயலாது. தாயின் சிறகு இருப்பின் வேறு ஏற்பாடு வேண்டுவதில்லை. தாயின்றி வாங்கிய குஞ்சுகளுக்கு, உலர்ந்த உமி பரப்பிய இடத்தில் மின்சார விளக்கொன்றைத் தொங்கவிட்டு, முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் உஷ்ணம் அளித்து, பின் வாரந்தோறும் 5 டிகிரி குறைத்து வருதல் வேண்டும். உஷ்ணமானி இல்லாதவர்கள் குஞ்சுகளைப் பார்த்தே அறியலாம். விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கினால் குளிர் மிகுதி. வாய் திறந்து விலகி நின்றால் சூடு மிகுதி. பரவலாய் மேய்ந்தால் உஷ்ணம் சரியாயுள்ளது.

தீனி: நொய்யும் உடைத்த கம்பும் பசியை ஆற்றுமேயன்றித் தசையை வளர்க்கப் போதா. குஞ்சுத் தீனியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு புரதம் இருத்தல் நலம். இதற்குக் கடலைப் பிண்ணாக்கும், உப்பில்லாத மீன் தூளும் ஏற்றவை. உப்பிட்ட கருவாடு குஞ்சுகளுக்கு நஞ்சாகலாம். பழைய சாணமும் வைக்கோலும் அடைத்த பானையில் நீர் தெளித்து, மாலையில் புற்றருகே கவிழ்த்து வைத்தால், காலையில் கறையான் சேர்ந்திருக்கும். இது செலவில்லாத நல்ல உணவு. பூசணம் பிடித்த பிண்ணாக்கை ஒருபோதும் இடலாகாது. 1960-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் ஒரு லக்ஷத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் மாண்டதற்கு இத்தகைய பிண்ணாக்கே காரணமென்று கண்டனர். குடிநீரை ஆழமற்ற தட்டில், கூழாங்கற்கள் இட்டு வைத்தால் குஞ்சுகள் நனைந்து விறைக்கமாட்டா.

வியாதி: ஒரே வாரத்தில் ஊர்க்கோழிகளை வாரிக்கொண்டு போவது வெள்ளைக் கழிச்சல். குமாவோன் மலைநாட்டிலுள்ள ராணிக்கேத் என்னும் ஊரில் 1920-களில் கண்டறியப்பட்டமையால் ராணிக்கேத் நோய் என்றும் பெயர். வந்தபின் இதற்கு மருந்தில்லை. வருமுன் காப்பதொன்றே வழி. முதல் வாரத்தின் இறுதியில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் ஊசியும் ஆரோக்கியமான குஞ்சுகளுக்குக் கால்நடை வைத்தியரைக் கொண்டு இடுவிக்க வேண்டும்.

இங்கு ஒரு சங்கடமுண்டு. ஒரு குப்பி மருந்து நூறு குஞ்சுகளுக்கோ அதற்கு மேலோ போதுமானது. பனிக்கட்டியில் வைத்துக் காத்து, கரைத்தபின் இரண்டு மணி நேரத்துக்குள் செலவிட வேண்டும். பத்துக் குஞ்சு வைத்திருப்பவர் தனியே குப்பி வாங்கினால் மிச்சமெல்லாம் வீணாகும். வாங்காதிருந்தால் குஞ்சுகள் வீணாகும். ஆகையால் ஒரு தெருவினர் ஒருங்கு சேர்ந்து, குஞ்சுகளை எண்ணி, நாள் குறித்து, ஒரே வேளையில் மருந்திடுவித்தலே உசிதம். நோய் வேலியைப் பார்த்து நிற்பதில்லை; காப்பும் வேலியைக் கடந்ததாகவே இருக்க வேண்டும்.