தயாரா? தயார்!

கிள்ளானில் கொமூட்டர் ரயில் ஏறி, கேஎல் சென்ட்ரலில் இறங்குகிறீர்கள். வாயிலில் டச் 'என் கோ அட்டையை வைத்ததும் கதவு திறக்கிறது. அந்த அட்டைக்குள் பேட்டரியே கிடையாது. பிறகு எப்படி அது பேசியது?

வாயிலில் உள்ள கருவி, நொடிக்கு 13.56 மில்லியன் முறை அதிரும் ரேடியோ அலையைப் பரப்புகிறது. அட்டைக்குள் இருக்கும் மெல்லிய கம்பிச்சுருள் அந்த அலையிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்கிறது. "யாராவது இருக்கிறீர்களா?" என்று கருவி கேட்க, "இருக்கிறேன்" என்று அட்டை பதில் தருகிறது. அடுத்து அட்டை தன் எண்ணைச் சொல்கிறது. அதன் பிறகே மற்ற பேச்சு. இந்த முன்னேற்பாட்டுக்குப் பெயர் 'ஹேண்ட்ஷேக்', அதாவது கைகுலுக்கல்.

ஆர்சி522 என்ற சில்லு உள்ள சிறிய பலகையை, நிரல் எழுதி இயக்கும் அர்டுயினோ பலகையோடு இணைத்தால் நீங்களும் இப்படி அட்டையைப் படிக்கலாம். இரண்டுக்கும் இடையே எஸ்பிஐ என்னும் முறையில் நான்கு கம்பிகள் ஓடுகின்றன. ஒன்று 'உன்னோடுதான் பேசுகிறேன்' என்று சில்லைத் தேர்ந்தெடுக்கும். ஒன்றில் தகவல் போகும், ஒன்றில் வரும். நான்காவது கடிகாரக் கம்பி. அதில் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு பிட் நகரும். எட்டுத் துடிப்பில் ஒரு பைட். இந்தச் சில்லு நொடிக்கு 10 மில்லியன் பிட் வரை இப்படி வாங்கிக்கொள்ளும்.

ஆனால் அட்டையோ காற்று வழியே நொடிக்குச் சுமார் 1,06,000 பிட் வேகத்தில்தான் பதில் சொல்லும். பிட்டை எப்போது படிப்பது என்று கடிகாரம் சொல்லும். அட்டையின் பதில் வந்துவிட்டதா என்று அதற்குத் தெரியாது. அவசரப்பட்டுப் படித்தால் பயனில்லை.

பூப்பந்து ஆட்டத்தில் எதிரே நிற்பவர் தயாராகும் முன் சர்வீஸ் போடக் கூடாது அல்லவா? இங்கும் அதே விதிதான். அதற்காகவே ஆர்சி522-இல் ஐஆர்க்யூ என்ற தனி முனை இருக்கிறது. பதில் வந்ததும் அதன் மின்னழுத்தம் மாறும். அர்டுயினோ உடனே படிக்கும். அந்த முனையை இணைக்காவிட்டால், "முடிந்ததா?" என்று அர்டுயினோதான் சில்லைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும்.

எஸ்பிஐ போலவே சில்லுகளை இணைக்கும் இன்னொரு முறை, பிலிப்ஸ் நிறுவனம் 1982-இல் உருவாக்கிய ஐ2சி. அதில் கைகுலுக்கல் உள்ளேயே இருக்கிறது. எட்டு பிட் போனதும், ஒன்பதாவது துடிப்பில் வாங்கியவர் "கிடைத்தது" என்று சொல்ல வேண்டும். நேரம் தேவைப்படும் சில்லு, கடிகாரக் கம்பியையே சற்று நிறுத்திப் பிடிக்கலாம்!

செய்து பாருங்கள்: ஆர்சி522 கிடைத்தால், முதலில் அட்டை காட்டாமல், அட்டையைப் படிக்கும் நிரலை அர்டுயினோவில் ஓட்டுங்கள். அது சிறிது நேரம் காத்திருக்கும். பதில் வராவிட்டால் கைவிட்டு, மறுபடி கேட்கும். இப்போது அட்டையைக் காட்டுங்கள். திரையில் அதன் எண் தோன்றும்.