பெட்ரோல் கேன் பாடுகிறது!

கிட்டே வந்து பாருங்கள்! மேடையில் நிற்பவரின் தோளில் தொங்குவது கிடார்தான். ஆனால் அதன் உடம்பு, ராணுவத்தில் கழித்துப்போட்ட பெட்ரோல் கேன்! தகரத்தின் மேல் மிசிசிப்பி டெல்டாவின் காட்சிகள் ஓவியமாக விரிகின்றன. நடுநடுவே கற்கள் மின்னுகின்றன. அவர் விரல் தந்தியைக் கிள்ளியதும் கேன் கொக்கரிக்கிறது. ஆமாம், கோழி கொக்கரிக்கிற அதே தாளத்தில்! அடுத்த நொடியே அதே தந்தி, கறுப்பின அமெரிக்கர்களின் ப்ளூஸ் இசைக்கே உரிய ஏக்கத்தோடு இழுத்து இழுத்துப் பாடத் தொடங்குகிறது.

இவர்தான் ஜேம்ஸ் லூயிஸ் ஜான்சன். ப்ளூஸ் ரசிகர்களுக்கு 'சூப்பர் சிக்கன்'. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், டார்லிங் என்ற சிற்றூரில் 1951-ல் பிறந்தவர். வயல் வேலைக்குப் போகும் வயது வராத நாட்களில், பண்ணைக் கோழிகளோடு பேசிக்கொண்டே திரிந்த சிறுவன். அதனால் கூட்டாளிகள் 'சிக்கன் பாய்' என்று பெயர் வைத்தார்கள். வளர்ந்த பிறகும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் செய்கிற கிடார்களுக்கும் 'சிக்கன்டார்' என்றே பெயர். பெட்ரோல் கேன், சுருட்டுப் பெட்டி, பழைய மின்விசிறியின் பாகம் என்று கையில் கிடைப்பதெல்லாம் அவரிடம் கிடாராக மாறிவிடும்!

இந்தக் கைவண்ணம் எங்கே தொடங்கியது? ஒரு வீட்டுச் சுவரில்! டெல்டாவின் ஏழைக் கறுப்பினக் குடும்பங்களில் பிள்ளைகளின் முதல் வாத்தியம் 'டிட்லி போ'. அதைச் செய்கிற அழகைப் பாருங்கள். துடைப்பத்தை இறுக்கிக் கட்டியிருக்கும் கம்பியைப் பிரித்தெடுப்பார்கள். மரவீட்டின் சுவரில் இரண்டு ஆணி அடித்து, கம்பியை இழுத்துக் கட்டுவார்கள். கம்பிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கண்ணாடி பாட்டிலையோ, மூக்குப்பொடி டப்பாவையோ நெருக்கிச் செருகுவார்கள். அந்த ஒரு செருகலில் இரண்டு வேலை முடிந்துவிடும். கம்பி விறைத்துச் சுருதிக்கு ஏறும். அதன் அதிர்வு பாட்டில் வழியாகச் சுவருக்குள் இறங்கும். அவ்வளவுதான், வீடே வாத்தியத்தின் குடமாகிவிடுகிறது!

வாசிப்பது இன்னும் சுவாரசியம். ஒரு கை கம்பியை மீட்டும். இன்னொரு கை, வழவழப்பான பாட்டிலையோ கத்தியையோ கம்பியின் மேல் வழுக்கவிட்டுக்கொண்டே போகும், சித்திர வீணையில் கட்டையை நகர்த்துவதைப் போல. மெட்டுகள் (ஃப்ரெட்) கிடையாது, அதனால் ஸ்வரங்களுக்கு நடுவே வேலியும் கிடையாது. ப்ளூஸின் உயிர் இருப்பதே அந்த இடைவெளியில்தான். சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் எங்கேயோ ஊசலாடுகிற அந்த ஒலியை பியானோவின் எந்தக் கட்டையிலும் அழுத்திப் பிடிக்க முடியாது. ஒற்றைக் கம்பியில் அது தானாக வந்து விழுகிறது. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் ஒற்றைத் தந்தி வாத்தியங்களில் இதன் வேர் இருப்பதாக இசை ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள் கையில் எதையும் கொண்டுவர முடியவில்லை. காதில் கொண்டுவந்ததை யாராலும் பறிக்க முடியவில்லை.

இந்தப் பள்ளியில் படித்த ப்ளூஸ் மேதைகளின் பட்டியலைப் பாருங்கள்: பி.பி. கிங் துடைப்பக் கம்பியில் தொடங்கினார். பட்டி கை, தானே செய்த இரண்டு கம்பி டிட்லி போவில் பழகினார். சூப்பர் சிக்கனும் அந்த வரிசையில்தான் வருகிறார். கம்பியிலிருந்து புதுப்புது ஒலிகளை வரவழைக்க வழி தேடிக்கொண்டே வளர்ந்தார். 1964-ல், பதின்மூன்று வயதில், கிளார்க்ஸ்டேல் ஊரில் உள்ள சால்வேஷன் ஆர்மி என்ற தொண்டு அமைப்பின் கடையில் முதல் கிடாரை வாங்கினார். அதில் இருந்தவை இரண்டே தந்திகள்! ஒற்றைக் கம்பியில் பழகிய கைக்கு அதுவே தாராளம்.

சரி, இப்போது பட்டறைக்குள் எட்டிப்பார்ப்போம். கைக்குக் கிடைத்த பெட்டியில் கிடார் செய்வதில் முதல் சவால், இழுவை. ஆறு எஃகுத் தந்திகளையும் சுருதிக்கு ஏற்றினால் மொத்த இழுவை 40 கிலோவுக்கு மேல் போகும். மெல்லிய சுருட்டுப் பெட்டி அதைத் தாங்காது, நசுங்கிவிடும். அதனால் கழுத்துக் கட்டையைப் பெட்டிக்குள் விட்டு, மறுமுனை வரை ஓடவிடுவார்கள். பாரம் முழுவதையும் கட்டை சுமக்கும். பெட்டி நிம்மதியாக அதிரும்!

அடுத்து வருவது எனக்கு மிகவும் பிடித்த ரகசியம். மெட்டுகளை எங்கே பதிப்பது? அதற்கு ஒரே ஓர் எண் போதும்: 17.817. தந்தியின் நீளத்தை அதால் வகுக்க வேண்டும். 65 செ.மீ. என்றால் முதல் மெட்டு 3.65 செ.மீ. தள்ளி வரும். மிச்சமுள்ள 61.35-ஐ மறுபடி வகுத்தால் அடுத்த மெட்டுக்கு 3.44 செ.மீ. இப்படியே வகுத்துக்கொண்டு போனால், பன்னிரண்டாவது மெட்டு சரியாக நட்டநடுவில், 32.5 செ.மீ.-ல் வந்து நிற்கும். மேல் ஷட்ஜம் அங்கேதான் பேசும்! சுருட்டுப் பெட்டியில் செய்யும் மூன்று தந்தி கிடாரை ஜி-டி-ஜி என்று சுருதி சேர்ப்பார்கள். நம் கணக்கில் ச-ப-ச. மூன்றையும் சேர்த்து மீட்டினால் எந்த இடத்திலும் இனிமைதான்.

பெட்ரோல் கேன் எப்படி அரங்கம் அதிரப் பாடுகிறது? தந்திக்கு அடியில் ஒளிந்திருக்கும் பிக்-அப்தான் காரணம். ஒரு காந்தம், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகத் தலைமுடி போன்ற செப்புக் கம்பி. எஃகுத் தந்தி துடிக்கும்போது காந்தப்புலம் துடிக்கிறது. செப்புக் கம்பியில் சின்னஞ்சிறு மின்னோட்டம் பிறக்கிறது. ஆம்ப்ளிஃபையர் அதைப் பெரிதாக்குகிறது. விலையுயர்ந்த மரம் தேவையே இல்லை. தகரம் தன் கணகணப்பைத் தானாகவே சேர்த்துக்கொள்ளும்!

வாத்தியம் செய்வதற்கும் பாட்டுக் கட்டுவதற்கும் நடுவே ஜான்சன் பிழைப்புக்கு லாரி ஓட்டினார். நெடுஞ்சாலையின் நீண்ட தனிமையில் சொந்தப் பாடல்கள் பிறந்தன. கேட்ட நண்பர்கள் விடவில்லை, ஸ்டுடியோவுக்கு அனுப்பிவைத்தார்கள். 1997-ல் முதல் ஆல்பம் 'ப்ளூஸ் கம் ஹோம் டு ரூஸ்ட்' வந்தது. அப்போது வயது 46! நடிகர் மார்கன் ஃப்ரீமன் பங்குதாரராக இருந்து கிளார்க்ஸ்டேலில் தொடங்கிய 'கிரவுண்ட் ஸீரோ' ப்ளூஸ் கிளப்பில் ஜான்சனின் கச்சேரிக்குத் தனி மவுசு. நார்வே இசைக் கலைஞர்களோடு சேர்ந்து பதிவு செய்த 'சிக்கடெலிக்' ஆல்பம், பாரம்பரிய ப்ளூஸ் பிரிவில் 2010-ம் ஆண்டின் ப்ளூஸ் மியூசிக் விருதை வென்றது. கோழிகளோடு பேசித் திரிந்த சிறுவன் ஐரோப்பா வரை கொக்கரித்துவிட்டான்!

டிட்லி போ மரபை மிசிசிப்பிக்காரர்கள் எவ்வளவு நேசிக்கிறார்கள் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. ஒற்றைத் தந்தியின் மேதை லானி பிட்ச்ஃபோர்ட், 1955-ல் பிறந்து 1998-ல் மறைந்தார். மிசிசிப்பியில் அவருடைய கல்லறைக் கல்லின் பக்கவாட்டில் ஒரு டிட்லி போவைப் பொருத்தியிருக்கிறார்கள், நின்று வாசிக்கும்படியாக!

எனக்கு இதில் சந்தேகமே இல்லை: நல்ல வாத்தியத்துக்கு முதல் தேவை, கேட்கத் தெரிந்த காது. பணமும் மரமும் அதற்குப் பிறகுதான். நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மரக்கடையில் மூன்றடி ரீப்பர் ஒன்று வாங்குங்கள். இரு முனையிலும் ஒரு திருகாணி முடுக்கி, ஒரு கிடார் தந்தியை இழுத்துக் கட்டுங்கள். ஒரு முனையில் தந்திக்கு அடியில் சின்னக் கண்ணாடி பாட்டிலைச் செருகுங்கள். தந்தி அறுந்து தெறிக்கலாம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், பிள்ளைகள் செய்தால் பக்கத்தில் இருங்கள். ரீப்பரை ஒரு காலிப் பெட்டியின் மேல் வைத்து, இன்னொரு பாட்டிலைத் தந்தியில் வழுக்கவிட்டு மீட்டுங்கள். பிறகு சூப்பர் சிக்கனின் பாட்டு ஒன்றைத் தேடிக் கேளுங்கள். அவர் என்ன செய்கிறார் என்று இப்போது உங்கள் விரலுக்கே புரியும்!